மாடி அறையில் ஒரு மூச்சு

"செத்துப்போன எங்கப்பா மூச்சு விடுறாரும்மா."

துணிக்கடை மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். அவசரம் தன் நாற்காலியை அண்ணியின் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

அவசரம் என்பது அவனுடைய புத்திக்கு ஊர் வைத்த பட்டம். காப்பீட்டு விசாரணை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவன் அண்ணி தனியாகத் துப்பறியத் தொடங்கியதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவன். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு என்பது அண்ணியின் கட்சி. பேயைத் தவிர என்பது அவன் கட்சி.

"மாடி அறை. பூட்டி, சாவியை அம்மா இடுப்புலயே வச்சிருக்காங்க. அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு, ஆக்சிஜன் மெஷின் போட்டாத்தான் மூச்சு. போன மழைக்காலத்துல ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரமாப் பார்த்துப் போயிட்டார். அப்போ எங்ககிட்ட இருந்தது சின்ன சோலார், ஒத்தை பேட்டரி. எனக்கு மனசே ஆறலை. கூரை நிறைய பேனல் போட்டு, பேட்டரியும் பெருசா வச்சேன். வச்சதுல இருந்து, கரண்ட் போனாப் போதும், அந்த ரூம்ல மெஷின் தானா ஓடுது. கரண்ட் வந்ததும் நீளமா ஒரு கூவல். அப்புறம் கப்சிப். அந்த ரூமுக்குப் போற பிரேக்கரையே அணைச்சு வச்சிருக்கோம்மா!"

"மெஷினைத் தூக்கிட வேண்டியதுதானே?" என்றாள் அண்ணி.

"தொடக்கூடாதுன்னு அம்மா உத்தரவு. இப்போ என் தங்கச்சி வீட்டுக்கே போறேன்னு பெட்டியும் கட்டிட்டாங்க. நாளைக்குப் பேனலை இறக்க ஆள் வருது. அப்பா போனதோட முடியலை, வீடே உடையுது."

அண்ணி அவருடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணிக்கடை வேலைக்கு இவ்வளவு கசங்கின சட்டையிலயா போவீங்க?"

அவர் நெளிந்தார். "முன்னாடி என் வீட்டுக்காரி கர்ச்சீப்பைக்கூடத் தேய்ச்சுத்தான் தருவா. இப்போ அயர்ன் பாக்ஸைக் கண்டாலே ஆகலை."

பேயைப் பிடிக்கச் சொன்னால் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாளே என்று அவசரத்துக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் போனார்கள். கூடத்தில் கட்டிய பெட்டிமேல் அம்மா உட்கார்ந்திருந்தார். "டாக்டர் பார்த்துட்டு, உசிரு போயிடுச்சுன்னு கையை விரிச்சார். அந்தச் சத்தம் பொறுக்காம நானே பட்டனை அமுக்கினேன். என் கையால நிறுத்தின மெஷின் திரும்ப ஓடுதுன்னா, அவருக்கு என்மேலதானே கோவம்?"

"பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கூவலை எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் அண்ணி.

"ஒருநாளும் இல்லை. அவர் போன அன்னைக்குக்கூட இல்லை. தூங்குற மாதிரிதான் போனார்."

சமையலறையில் மருமகள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் புதிய மின்பெட்டி, பக்கத்தில் கழற்றாமல் விட்ட பழைய பெட்டி. பழையதில் இரண்டு பிரேக்கர்கள், கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. புதியதில் ஒரு வரிசையே இருந்தது. எல்லாவற்றிலும் தூசி. 'மாடி அறை' என்று ஒட்டியிருந்ததில் மட்டும் தூசி இல்லை, காய்ந்த மாவு இருந்தது.

அவசரம் அதைக் கவனிக்கவில்லை. பூட்டு திறந்ததும் அறைக்குள் பாய்ந்து, மூச்சு முட்டப் படமெடுத்தான். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டிலருகே மெஷின் நின்றது. அண்ணி குனிந்து பார்த்தாள். அதன் பட்டன், ஓடும் பக்கமாக அமுங்கியிருந்தது.

"புது வயர் இழுத்த அன்னைக்கு இந்த ரூமைப் பெருக்கினது யாரு?"

"என் மருமகதான்," என்றார் அம்மா.

அண்ணி எல்லாரையும் மாடிக்கு வரச்சொன்னாள். மருமகள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். "தம்பி, கீழே போய் மாடி அறை பிரேக்கரைப் போடு. நான் குரல் கொடுத்ததும் அணைச்சிடு."

அவசரம் இறங்கிப் போய்ப் போட்டான். மேலே மூச்சு புறப்பட்டது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. ஆளில்லாத கட்டிலுக்கு அது மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தது. அண்ணி குரல் கொடுத்தாள். அவன் அணைத்ததுதான் தாமதம், வீட்டையே கிழிப்பதுபோல் ஒரு கூவல். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான்.

"பேய் இல்லை. ஓடும்போது கரண்ட் நின்னா, ஆளைக் கூப்பிட இந்த மெஷின் இப்படித்தான் கத்தும்," என்ற அண்ணி மருமகளிடம் திரும்பினாள். "ஏம்மா, உன் மாமா போன அன்னைக்குக் கரண்ட் இல்லாத நேரத்துல அயர்ன் பண்ணிக்கிட்டிருந்தே. சட்டுனு அயர்ன் பாக்ஸ் அணைஞ்சது. அப்படித்தானே?"

மருமகள் தலையாட்டினாள். "அணைஞ்சது. மேல அத்தை அலறினாங்க. எனக்கு ஏறி வரக் கால் வரலை. டாக்டர் போன பிறகு வந்து பார்த்தா மெஷின் நின்னுபோயிருந்தது. ஒரு சட்டைக்காக பேட்டரியைத் தீர்த்து மாமாவைக் கொன்னுட்டேன்." அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அதான் ரூமைப் பெருக்கின அன்னைக்குப் பட்டனைப் போட்டு வச்சேன். கரண்ட் போறப்பல்லாம் கீழே பிரேக்கரைப் போட்டுப் பார்ப்பேன். இந்தத் தடவையாவது நிக்காம ஓடணும்னு. கரண்ட் வந்ததும் அணைப்பேன். அணைச்சா மாமா அழுவாரு."

"உன் மாமா போன அன்னைக்கு இந்தக் கூவல் கேட்டுதா?"

"இல்லை."

"கேட்கலைன்னா மெஷினுக்குக் கரண்ட் நிக்கலை. உன் அயர்ன் பாக்ஸ் கரண்டை அதிகமா இழுத்ததால விழுந்தது, பழைய மின்பெட்டியில இருக்கிற கீழ்த்தளத்துப் பிரேக்கர். மாடிக்கு வேற பிரேக்கர், அது விழலை. அவர் கடைசி மூச்சு வரைக்கும் மெஷின் ஓடிச்சு. டாக்டர் வந்த பிறகும் ஓடிச்சு. நிறுத்தினது யாருன்னு உங்க அத்தையைக் கேளு."

 அம்மா மருமகளின் பக்கத்தில், தரையில், மெல்ல உட்கார்ந்தார். "நான்தான்டி நிறுத்தினேன். நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. இத்தனை நாளா ஒத்தையிலயா இதைச் சுமந்தே?"

மகன் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, பேனல் இறக்கும் ஆளுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். 

அவர்களைத் தனியே விட்டுவிட்டு, அண்ணியும் அவசரமும் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பை மாட்டும் நேரத்தில், தெருவில் கடைகளின் விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. கரண்ட் போய்விட்டது. விஷயம் அத்தனையும் தெரிந்திருந்தும் அவசரத்தின் காது தானாக மாடிப் பக்கம் போனது. அங்கே ஒரு சத்தமும் இல்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, "ஸ்ஸ்ஸ்" என்று வந்தது.

"அண்ணி!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியை அவிழ்த்துப் புடவைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்த அம்மா, கூடத்திலிருந்தே சொன்னார்: "பயப்படாதப்பா. தண்ணி தெளிச்ச துணி. மருமக அயர்ன் பண்றா."