சைலன்சர் கழற்றிய வண்டி

தமயந்தி காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக மணிக்கட்டைத் திருப்பி, "நல்லா தூங்கினேன்" என்றாள். அதில் கட்டியிருந்த குரல்மானி பச்சையாக எரிந்தது. கட்டிலின் அந்தப் பக்கத்தில் அவள் கணவன் வைரவனும் அதையே சொன்னான். அவனுக்கும் பச்சை. போடியில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான் பொழுது விடியும். சொல்வது பொய்யா மெய்யா என்று குரல்மானி கவலைப்படுவதில்லை. குரலில் கோபமோ நடுக்கமோ தட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த மட்டுக்கும் நல்ல குணம்தான்.

மஞ்சள் எரிந்தால் எச்சரிக்கை. சிவப்பு எரிந்தால் அமைதி இல்லத்து ஊர்தி வாசலுக்கு வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் தமயந்தியின் தம்பி சுருளியைக் கொண்டுபோனதும் அந்த ஊர்திதான். ஆனால் அவனுக்குச் சிவப்பு எரியவே இல்லை. இவர்கள் வீட்டுச் சமையலறையில், குரல்மானி மேல் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ஊரமைதிக் குழுவை வாய்க்கு வந்தபடி வைதான். மறுநாள் 'வீட்டார் சாட்சி' என்று சொல்லி இழுத்துப் போனார்கள். அன்று சமையலறையில் இருந்தது மூன்றே பேர். தான் சொல்லவில்லை என்பது தமயந்திக்குத் தெரியும்.

மிச்சமிருக்கும் ஆளோடுதான் அவள் சோறு தின்கிறாள், படுக்கிறாள். நீதானா என்று கேட்க வழியில்லை. அந்தக் கேள்வியைப் பச்சைக் குரலில் கேட்க எந்தப் பெண்ணாலும் ஆகாது. கேட்காமல் விழுங்கியது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

வைரவனுக்கோ திடீரென்று பழைய வண்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. தொல்வண்டிச் சங்கத்தில் சேர்ந்து, நான்கு மாதமாக ஸ்டீயரிங் பிடிக்கப் பழகினான். தம்பி அங்கே கிடக்க, இவனுக்கு டீசல் ஜீப்பு கேட்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயும் வந்து பாரு" என்று அன்று கூப்பிட்டபோது, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மலையடிவாரத்தில் முந்தலுக்கு அருகே ஒரு தகரக் கொட்டகை. பழைய வண்டி விற்கிற காதர் மைதீன் ராவுத்தர் தார்ப்பாயை இழுத்ததும், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய பழைய ஜீப் வெளியே வந்தது. வைரவன் டயரை உதைத்தான், பானெட்டைத் தூக்கி ஆயிலைத் தொட்டு முகர்ந்தான்.

"மைலேஜ் என்ன குடுக்கும் பாய்?"

ராவுத்தர் சிரித்தார். "மைலேஜ் கேட்டு ஆள் வந்து எம்புட்டோ நாளாச்சு தம்பி. சைலன்சரோட வேணுமா, கழட்டினது வேணுமா? அதைச் சொல்லுங்க."

"கழட்டினது" என்றான் வைரவன். அந்த ஒரு சொல்லுக்கே அவன் மணிக்கட்டில் மஞ்சள் மின்னி அடங்கியது.

"அப்ப ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க. மலையில ஏத்திக் காட்டுறேன்." ராவுத்தர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, "தொழில் மரியாதைம்மா" என்றார்.

பின்பக்கத்து பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன. முழங்கால்கள் இடித்துக்கொண்டன. சாவியைத் திருப்பியதும் வண்டி கிடுகிடுவென்று ஆடி அலறியது. குரல்மானிகள் இரண்டும் வெள்ளையாயின. குரல் தெளிவில்லை என்று அர்த்தம். தொல்வண்டிக்குச் சத்தம் குற்றமில்லை.

நான்கு மாதமாக அவன் வண்டி பழகியது எதற்கென்று தமயந்திக்கு அப்போதுதான் விளங்கியது. ஜீப் தார்ச்சாலையை விட்டுக் கல்பாதையில் ஏறியது. வைரவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவள் வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், குரல் மெல்லத்தான் வந்தது. அவன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்.

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "சுருளியப் பிடிச்சுக் குடுத்தது நீதான..."

வளைவில் எஞ்சின் இருமி நின்றுபோனது. காட்டுக்குருவி ஒன்று கத்துவது கேட்டது. அவள் மணிக்கட்டில் வெள்ளை போய் மஞ்சள் எரிந்தது.

"நீதான" என்று இழுத்தாள். "நீங்கதான... காலையில காபி போட்டது? சீனி ஜாஸ்தி."

மஞ்சள் யோசித்தது. யோசித்து யோசித்துப் பச்சையானது. வைரவன் கண்ணை மூடிக்கொண்டான். ராவுத்தர் வியர்த்துப்போய்ச் சாவியைத் திருப்பினார். மூன்றாம் தடவைதான் வண்டி பிடித்தது.

"நான்தான்!" என்று கத்தினான் வைரவன். "அவன் கையிலதான் துண்டு இருந்துச்சு. என் கையில இருந்த மானி கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வைதது ஆரு, பேரைச் சொல்லு, இல்லாட்டி உன் பொண்டாட்டியத் தூக்கிருவோம்னாங்க!"

"உன் பேரைச் சொல்லிருக்க வேண்டியதுதானடா!"

"சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

அவள் அவனை அறைந்தாள். ஓங்கி ஓங்கி மார்பில் குத்தினாள். சுருளியின் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். இரண்டு வருடமாகத் தன்னிடம் இப்படியொரு குரல் இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது. வைரவன் தடுக்காமல் அடியை வாங்கிக்கொண்டான். அவனும் அழுதான். மன்னிக்கிற எண்ணம் அவளுக்குத் துளியும் வரவில்லை. ஆனால் முள் நகர்ந்திருந்தது.

இறக்கத்தின் கடைசி வளைவில் ராவுத்தர் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினார். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எஞ்சின் அடங்கியது. அவர் பஞ்சை எடுத்துவிட்டு, "எப்படிம்மா வண்டி?" என்று கேட்டார்.

வைரவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இனி அவனோடு ஒரே வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது.

"நல்லாருக்கு" என்றாள் தமயந்தி. "இன்னைக்கே ஓட்டிட்டுப் போயிருவோம்."

குரல்மானி பச்சையாக எரிந்தது. அது நடிப்பில் வந்த பச்சையில்லை. அந்த வண்டி அவளுக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது.

ராவுத்தர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வைரவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, "எடுங்க" என்று பதவிசாகச் சொன்னாள். வண்டி அலறியது. பழங்கள் நசுங்கின. மணிக்கட்டு வெள்ளையாகும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"பயந்துட்டேன்னு சொன்னேல்ல," என்று கத்தினாள், "முதல்லருந்து சொல்லு!"