மூன்று பச்சைப் புள்ளிகள்

"சார்...?"

நதியா அந்தச் சுழல் நாற்காலியை மெல்லத் திருப்பினாள். முதலாளி குமரகுருவின் தலை தோளில் சரிந்தது. பின்மண்டையில் ரத்தம்! காலடியில் இரும்பு எடைக்கல்!

"ஐயோ...!"

அவள் அலறிய அதே கணத்தில், முதுகுக்குப் பின்னால்...

'க்ளக்!'

கதவு வெளியே தாழிடப்பட்டது!

"யாருப்பா அது? கதவைத் தொறங்க!"

படிகளில் இறங்கும் காலடி ஓசை. பிறகு நிசப்தம்.

மற்ற நாளாயிருந்தால் சின்ன காஞ்சிபுரத்தின் இந்தத் தெருவில் இந்நேரம் தறிச்சத்தம் காதைப் பிளக்கும். இன்றோ அமாவாசை. தறிக்காரர் எவரும் தறியில் உட்காரமாட்டார். குமரகுருவின் பட்டுச்சேலை டிசைன் அலுவலகத்தில் அவளும் ஒரு பிணமும் மட்டுமே. ஜன்னலில் கம்பி, அதற்கு அப்பால் காலி மனை. அவளுடைய போனோ கீழே, ஸ்கூட்டர் பெட்டிக்குள்!

"புது டிசைன் முடிச்சிட்டேன்மா. இன்னும் யார் கண்ணுலயும் காட்டல. நாளைக்குப் பத்து மணிக்கு வா, நீதான் முதல்ல பாக்கணும்," என்று நேற்று மாலை சொன்னவர்... இதோ!

கம்ப்யூட்டர்!

நதியா பாய்ந்து சென்று தன் மேசை முன் அமர்ந்தாள். திரையில் நேற்று ஏற்றிய புது பிரவுசர். ஒரே ஜன்னலுக்குள் இணையமும் நட்பும் சேர்ந்த ஏற்பாடு அது. வலப்பக்கப் பட்டையில் நண்பர்களின் முகங்கள். விழித்திருப்பவருக்குப் பச்சைப் புள்ளி. அவள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது நண்பர்களுக்குத் தானாகவே தெரிவித்துவிடும்.

'காஞ்சிபுரம் காவல் நிலையம்' என்று தட்டினாள்.

"நதியா இப்போது பார்ப்பது: காவல் நிலையம்" என்று பட்டை ஊருக்கு அறிவித்தது!

மூன்று பச்சைப் புள்ளிகள் கண் சிமிட்டின.

"ஏன்டி போலீசைத் தேடிக்கினு இருக்க? வண்டி காணோமா?" இது சுகாசினி. எட்டு ஆண்டுகளாகப் பக்கத்து மேசையில் அமர்ந்து, இவள் வரையும் ஒவ்வொரு கோட்டையும் சரிபார்க்கும் தோழி. இந்த பிரவுசரை ஏற்றித் தந்தவளும் அவளே.

"இன்னாமா பிரச்சனை?" இது சரிகை வியாபாரி ஜாஃபர். நேற்றுதான் குமரகுருவின் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டுப் போனவர்.

"லீவு நாள்ல கூட ஆபீசாம்மா?" இது ஜவுளிக்கடை முதலாளி திருஞானசம்பந்தம்.

நதியா விடை தட்டுவதற்குள், முகமே இல்லாத நான்காவது பெயர் ஒன்று தனிச் செய்தியில் முளைத்தது... 'விருந்தாளி'!

"அந்தப் பக்கத்தை மூடு. நீ எதைத் தொறந்தாலும் எனக்குத் தெரியுது. கரண்ட் மெயின் என் கையில இருக்குது. பெரியவரோட புது டிசைன் ஃபைலை அனுப்பு. பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியும். பத்து நிமிஷம்! இல்லன்னா... மேல வருவேன்!"

அவள் திறந்த பக்கம், பச்சைப் புள்ளியோடு விழித்திருக்கும் அந்த மூவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே, மூவரில் ஒருவர்தான் இந்த முகமூடி! யாரிடம் உதவி கேட்பது? தவறான புள்ளியைத் தொட்டால், அடுத்த பிணம் அவள்தான்!

ஃபைலைத் திறந்தாள். கரை நெடுக அன்னங்கள். ஒவ்வொன்றும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. அபாரம்!

'சுகா, காப்பாத்துடி' என்று தட்டியும் விட்டாள். அனுப்பப் போன விரல் நின்றது.

மூன்று பூனைகளுக்கு நடுவே அகப்பட்ட எலி, எது பசித்த பூனை என்பதை அறியாமல் எந்த வாலின் பின்னாலும் ஒளியக் கூடாது.

தட்டியதை அழித்தாள். ஓர் அன்னத்தை எடுத்தாள். கழுத்தை நிமிர்த்தி, முன்னால் பார்க்க வைத்தாள். அந்தத் துண்டை மட்டும் மூவருக்கும் அனுப்பினாள்.

"சாரோட புது டிசைன். எப்படி இருக்குது?"

"பிரமாதம்மா! நூறு சேலை எனக்கு," என்றார் திருஞானசம்பந்தம்.

"எனக்கு அன்னமும் ஒண்ணு, வாத்தும் ஒண்ணுதாம்மா. சரிகை எவ்ளோ ஆவும்னு சொல்லு," என்றார் ஜாஃபர்.

மூன்றாவது பதில் மின்னலாக வந்து விழுந்தது.

"ஏய், தப்புடி! அன்னம் திரும்பிப் பின்னால பாக்கணும்!"

அடுத்த நொடியே அது மறைந்தது. அனுப்பியவரே அழித்துவிட்டார்!

எவர் கண்ணிலும் படாத டிசைன்... அதில் பிழை கண்டுபிடித்தவள் சுகாசினி! எட்டு ஆண்டுப் பழக்கம், மூளையை முந்திக்கொண்டு விரலில் ஓடிவிட்டது!

நதியா ஜாஃபருக்குத் தனிச் செய்தி தட்டினாள்.

"பாய், சாரைக் கொன்னுட்டாங்க. நான் ஆபீஸ் மாடியில மாட்டிக்கினு இருக்கேன். கீழ மெயின் பக்கத்துல சுகாசினி. போலீசோட வாங்க!"

"யா அல்லா! ஸ்டேஷன் வாசல்லதான்மா டீ குடிச்சிக்கினு இருக்கேன். கலங்காத!"

பிறகு விருந்தாளிக்கு: "அனுப்புறேன். பெரிய ஃபைல். நேரமாவும்."

நாற்பது சதவீதம்... எழுபது... தொண்ணூறு...

திரை அணைந்தது!

படிகளில் காலடி. தாழ் நகர்ந்தது. நதியா எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கதவு திறந்தது...

"கல்லைக் கீழ போடுமா. போலீஸ்!"

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி! அவருக்குப் பின்னால் மூச்சிரைக்கும் ஜாஃபர். அவருக்கும் பின்னால், பெண் காவலரின் பிடியில், பிடிபட்ட கணத்தில் மெயினை அணைத்துவிட்ட சுகாசினி.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?" நதியா கல்லைக் கீழே போட்டாள்.

"நான் திருத்தின டிசைன் எல்லாம் அவர் பேருல போச்சு. இன்னைக்குக் காலைல அவர் திரையில இதைப் பாத்தேன், இது ஒண்ணாவது என் பேருல வரட்டும்னு கேட்டேன். சிரிச்சாருடி!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து எழுதத் தொடங்கினார்.

"எடைக்கல்லால் ஒரு முறை தாக்கி..."

சுகாசினி எட்டிப் பார்த்தாள்.

"மேடம், தப்பு. ரெண்டு முறை."

கிருஷ்ணவேணி பேனாவை அவளிடமே நீட்டினார்.

"தேங்க்ஸ்மா... அப்படியே கீழ கையெழுத்தையும் நீயே போட்டுடு!"