மரத்தூள் போட்ட ஜீப்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சேந்தமங்கலம் சாலையில் என் பட்டறை மட்டும்தான் திறந்திருந்தது. தனசேகர் அந்தப் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் நிறுத்தினார்.

போன வருஷம் இந்த வண்டியோடுதான் அவருடைய டிரைவர் மணிமாறன் கொல்லிமலை வளைவில் உருண்டு செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று இந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீயைத் தவிர வேறெதையும் அவன் குடித்து நான் பார்த்ததில்லை. இப்போது வண்டியை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, விற்கக் கிளம்பிவிட்டார்.

"ஈஸ்வரு, கியர் பாக்ஸ்ல மறுபடியும் சத்தம். மூணு மணிக்கு வண்டி பார்க்க ஆள் வாராங்க."

"எதுக்குங்க வாங்கறாங்க?"

"மலையில பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்தி எறக்கறதுக்காமா. அவங்க காதுல சத்தம் விழக் கூடாது. போன தடவ போட்டயே, அதையே போட்டுரு."

போன தடவை போட்டது மரத்தூள். தேய்ந்த பேரிங்கை மாற்றாமல், கியர் எண்ணெயில் மரத்தூளைக் கலந்து ஊற்றினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கிக் கிடக்கும். ஏமாற்றி விற்கிறவன் செய்கிற ஈன வேலை. அதை என் கையால்தான் செய்தேன். அப்போதும் விற்கத்தான் கேட்டார். பேரம் படியவில்லை. ஜீப்பை மணிமாறனிடமே ஓட்டக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மணிமாறன் வந்து நின்றான். "ஏனுங்ணா, எறக்கத்துல கியர் நழுவுதுங்ணா."

"சத்தமே இல்லாத வண்டிக்கு என்னடா வைத்தியம்? போடா" என்று விரட்டினேன். மறுநாள் செத்தான்.

தனசேகர் போனில் பேசிக்கொண்டு வெளியே போனார். நான் இன்ஜினை ஓடவிட்டேன். நியூட்ரலில் நீளமான ஊளை. கிளட்சை மிதித்தேன். முன்பக்கப் பேரிங் போயிருந்தால் அப்போது சத்தம் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

நான்கு சக்கர ஓட்டத்துக்கான தனி லிவரையும் நியூட்ரலுக்குத் தள்ளினேன். இனி உள்ளே சுற்றுவதற்கு எதுவும் கிடையாது.

சத்தம் கூடியது.

இன்ஜினை அணைத்துச் சாவியை உருவினேன்.

ஊளை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அமத்தித் தொலையேப்பா, பேசிட்டிருக்கறேன்ல" என்று தனசேகர் வெளியிலிருந்து கத்தினார். சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தேன். ஈர மரமும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்றினேன். அளவு பார்க்கச் சுண்டு விரலை உள்ளே விட வேண்டும். எண்ணெய் துளையின் விளிம்புவரை இருந்தால் சரி. இல்லை. விரலைக் கீழ்ப்பக்கமாக மடக்கித் துழாவினேன்.

எண்ணெய் உடம்புச் சூட்டில் இருந்தது.

என் நகத்தில் ஏதோ பட்டது.

பல்சக்கரம் இல்லை. மெத்தென்று இருந்தது. அது மெல்ல மடங்கி என் விரலைக் கோத்துப் பிடித்தது.

இன்னொரு விரல்.

இழுத்தேன். வரவில்லை. பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. "விடுடா, அந்தாளப் போய்ப் புடிடா" என்றேன்.

பிடி இறுகியது. இரும்புக்குள்ளிருந்து, என் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி,

"ஏனுங்ணா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லிடறேன்டா சாமி. நான் செஞ்சதையும் சேத்துச் சொல்லிடறேன்."

விரல் விடுபட்டது. ஊளையும் நின்றது.

மூன்று மணிக்கு வண்டியைப் பார்க்கத் தங்கசாமி வந்தார். கூடவே ஏழெட்டு வயதில் அவருடைய மகள் நிலா. வந்ததும் ஓடிப்போய் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தனசேகர் இன்ஜினை ஓடவிட்டு, "கேட்டீங்ளா, ஒரு சத்தம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே இன்ஜினை நிறுத்தினார்.

நான் ஒரு தகரத் தட்டை வண்டிக்கு அடியில் தள்ளி, கியர் பாக்ஸின் கீழ் நட்டைத் திறந்துவிட்டேன். கறுப்புக் கூழ் கட்டி கட்டியாக விழுந்தது.

"இது மரத்தூளுங்க. நான்தான் போட்டேன். போன வருஷம் இவரு டிரைவரு இதனாலதான் செத்தான். குடிச்சுச் சாகல."

தங்கசாமி தட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதப் போட்ட கையிலதான் சோறு திங்கறீங்ளா?"

அவர் மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

தனசேகருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னைய விட்டா நாமக்கல்ல வேற பட்டறையே இல்லையாக்கும்" என்று ஜீப்பில் தாவி ஏறினார்.

"எண்ணெ இல்லீங்க, நட்டுக்கூடப் போடல. எறங்குங்க."

எட்டித் தள்ளிவிட்டுக் கிளப்பினார். கறுப்புச் சொட்டு மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போனது. வாசல் முனையில் அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை வலது பக்கம், நாமக்கல் பக்கம், ஒடித்துப் பிடித்திருந்தன. யார் கையும் படாமல் கியர் லிவர் கீழே இறங்கியது.

வண்டி இடது பக்கம், மலைக்குப் போகிற சாலையில் திரும்பியது.

"குதிங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பிரேக் விளக்கு இரண்டும் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. வண்டி வேகம் கூடிக்கொண்டே போனது.