ஞாயிற்றுக்கிழமை நத்தைகள்

“இது உங்க செடிதானே?”

ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மேஜைமீது தொப்பென்று போட்டாள் இம்கே. தண்ணீர் தெறித்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரெம்மரின் சட்டை நனைந்தது.

அவன் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட சாம்பல்நிறக் கண்கள்... ஓல்டன்பர்க் நகரத்து மழை முழுவதும் அந்தக் கண்களுக்குள் வந்து தேங்கியிருப்பதாக ரெம்மருக்குத் தோன்றியது.

“என் செடிதான். போன மாசம் சும்மா குடுத்தேன். ஏன், வாடிப்போச்சா?”

“நல்லா வளருது. கூடவே நத்தையும் வளருது! மீன் தொட்டிக் கண்ணாடி பூரா நத்தை. ஃபில்டருக்குள்ள நத்தை. மீன் எங்கேன்னு தேட வேண்டியிருக்கு.”

“அதுக்கும் நான் காசு கேக்கலையே...”

மீன் வளர்ப்போர் சங்கத்தின் மாதச் சந்தை அது. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். இம்கேவின் காது மடல் சிவந்தது. கணவன் விட்டுப்போன நாளிலிருந்து, நாலு பேர் தன்னைப் பார்த்துச் சிரித்தால் அவளுக்கு ஆகவே ஆகாது.

“சிரிங்க, சிரிங்க. நாளைக்கே நத்தை மருந்து வாங்கி ஊத்திடறேன்.”

“ஐயோ, வேண்டாம்!” அவன் எழுந்தே விட்டான். “அந்த மருந்துல செம்பு இருக்கும். இறால் வச்சிருக்கீங்கன்னு சொன்னீங்களே, நத்தையோட சேர்ந்து அதுவும் போயிடும். நானே வந்து எடுத்துத் தர்றேன். என் செடி, என் பாவம்.”

அடுத்த ஞாயிறு, காபி வேளைக்கு வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸின் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. இம்கே சிரிப்பை அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

“சிரிங்க, சிரிங்க,” என்றான் அவன், அவளைப் போலவே.

அவன் சொல்லியிருந்தபடி முந்தின இரவே ஒரு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தாள். அதை வெளியே எடுத்தான். மிளகு தூவியது போல் நத்தைகள்! வாளியில் உதறினான்.

“தீனி எவ்வளவு போடறீங்க?”

“ஒரு சிட்டிகை.”

“யாரோட சிட்டிகை? யானையோடதா?”

“மரியாதையாப் பேசுங்க. கேக் கிடையாது.”

“சரி சரி... மிஞ்சின தீனியைத் தின்னுதான் இதெல்லாம் பெருகுது. பாதியாக் குறைங்க. பாதி நத்தை தானாப் போயிடும்.”

“மீதிப் பாதி?”

“அதுக்குத்தான் நான் வர்றேனே...” என்றான் வெண்ணெய்க் கேக்கைப் பார்த்தபடி. பார்வை கேக்கின் மேல், காது மட்டும் அவள் பதிலின் மேல்.

வாராவாரம் வந்தான். நத்தை குறைந்தது. ஒரு ஞாயிறு கைகளைத் துடைத்துக்கொண்டே, “இனிமே நான் தேவைப்படமாட்டேன் போல,” என்றான்.

இம்கே அவனுடைய காலித் தட்டை எடுத்து வைத்தாள்.

‘நத்தை இல்லாவிட்டாலும் வாங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால், ஒரு முறை ஒருவனிடம் ‘போகாதே’ என்று மாடிப்படியில் நின்று கெஞ்சியவள் அவள். குடியிருப்பு முழுக்கக் கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி எந்த ஆணிடமும் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அதனால் கேட்கவில்லை. ரெம்மர் போனதும் தீனி டப்பாவை எடுத்துத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். கேட்டால் கௌரவம் போய்விடுமாம்... திருட்டுத்தனமாக நத்தை வளர்த்தால் போகாதாம்!

நத்தைகள் பெருகின. அவனும் வந்தான். வாரம் முழுவதும் அவள் வாயில் பாட்டாக இருந்தது. அவனுக்குத்தான் தூக்கமில்லை.

“எங்கேயோ தப்பு பண்றேன், இம்கே. எத்தனை பேர் தொட்டியைச் சரி பண்ணியிருக்கேன்... இது மட்டும் ஏன் இப்படி?” என்று முழித்தான். அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிறு மூடி போட்ட வாளியோடு வந்தான். உள்ளே அயிரை இனத்து மீன் ஒன்று. உடம்பெல்லாம் வரி. வாயோரம் மீசை.

“இவ பேரு லோத்தே. நத்தைன்னா உயிர். கூட இருந்ததெல்லாம் போயிடுச்சு, இவ மட்டும்தான் மிச்சம். என் பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக்கூட என்னோட இருந்தது இவதான்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “இவளை யாருக்கும் குடுத்ததில்ல. உங்களுக்குத்தான்...”

அவன் என்ன சொல்ல வருகிறான் என்று இம்கேவுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயந்து, காபி ஊற்றப் போய்விட்டாள்.

லோத்தே ஒரு வாரம் வஞ்சகமில்லாமல் தின்றாள். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். இம்கே அழுதாள். அடுத்த ஞாயிறு அவன் வாளியை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவானே... தீனியை இரண்டு பங்காகக் கொட்டினாள். மறுநாளும் கொட்டினாள். தண்ணீர் பால்போல் கலங்கியது.

ஞாயிறு காலை, லோத்தே அசைவில்லாமல் ஒருக்களித்துக் கிடந்தாள்.

மதியம் ரெம்மர் வந்தான். கையில் டூலிப் பூக்கள். இம்கேவின் முகத்தைப் பார்த்தான், பிறகு தொட்டியைப் பார்த்தான். பூக்களை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீருக்குள் விட்டு ஒரு கல்லைப் புரட்டினான். அழுகிய தீனி கொத்தாக மேலெழுந்தது. அறையெங்கும் நாற்றம்.

“இவ்வளவையும் யார் போட்டது?”

“நான்தான்.”

“தெரியாமலா?”

தலையாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“தெரிஞ்சுதான். நத்தை தீர்ந்துட்டா நீங்க வரமாட்டீங்கன்னு... ரொம்ப நாளாவே போடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ரெம்மர். கேக்கத்தான் வாய் வரல.”

அவன் மீண்டும் நீருக்குள் கையை விட்டான். லோத்தேயைக் கைக்குட்டையில் எடுத்துச் சுற்றினான். ஜன்னலில் மழை அடித்தது.

“காபி குடிக்க வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஓடி வந்திருப்பேன்.”

“இப்போ சொல்றேன். உக்காருங்க. போகாதீங்க, ரெம்மர்... தயவுசெஞ்சு.”

அவன் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான்.

“இவ செத்ததைக்கூட ஒரு நாள் தாங்கிக்குவேன். ஆனா எங்க தப்புன்னு புரியாம நான் வாராவாரம் முழிச்சேன் பாருங்க... எதிர்ல உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே? அதை நான் எங்கே கொண்டு வைக்கறது?”

 மேஜையைக் கை காட்டினாள்.

“அந்தப் பூ...?”

“உங்களுக்குத்தான்.” அவன் கண்கள் நிறைந்திருந்தன. “இன்னிக்காவது சொல்லிடணும்னுதான் வாங்கிட்டு வந்தேன். நானும் உங்களைக் காதலிக்கறேன், இம்கே.”

சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனான்.