இருபதாம் படி

செவ்வாய்க் குடியிருப்பில் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன் சமன்பாடு வைத்துவிடுவார்கள். ஒருவர் விடும் மூச்சையெல்லாம் எண்களாகச் சேமிக்க அங்கே இடமில்லை. மென்பொருள் அந்த எண்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும் பல்லுறுப்புக்கோவை ஒன்றைக் கண்டுபிடித்துக் குறியீடுகளாக வைத்துக்கொள்ளும், சில அளவுகளைத் தவிர மற்ற எண்களை அழித்துவிடும். வெளியே போகிறவரின் முகக்கவசம் அந்தக் கோவை சொல்கிறபடி காற்று விடும். கோவை எத்தனையாவது அடுக்குவரை போகிறதோ அதுவே அதன் படி. ஊருக்கெல்லாம் இரண்டு, மூன்றுதான். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் படியும் அச்சாகும்.

வேதவல்லி யார் யார் காலையோ பிடித்துத் தன் மகள் இமயாவுக்கு இருபதாம் படி வாங்கியிருந்தாள். அந்தக் கோவையை வரைந்தால் வரும் கோடு ஒவ்வொரு அளவையும் பிசகாமல் தொட்டுக்கொண்டு போவதைத் தெருவுக்கே காட்டிப் பீற்றிக்கொண்டாள். இன்று மதியம் அதே கோட்டை இனி வரும் நேரத்துக்கும் நீட்டிப் பார்த்தாள். கடைசி அளவைத் தாண்டியதும் கோடு தலைகுப்புற விழுந்தது. இன்னும் சற்று நேரத்தில் மகளுக்குக் காற்றே தேவையில்லை என்றது. இமயாவோ வகுப்போடு மணல்வெளியில் இருந்தாள்.

வேதவல்லி கோவைகளைப் பதியும் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"படியைக் குறைங்க சார். ரெண்டு போதும்."

அதிகாரி இருதயராஜ் நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தச் சொல்லித்தாம்மா எல்லாரும் வருவாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணை எவன் கட்டிக்குவான்? வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"கோட்டைப் பாருங்க சார்! புள்ள மூச்சு முட்டிச் செத்துரும்!"

பார்த்தார். கோடு கிட்டத்தட்டப் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. அவர் அவசரமாக விசைகளைத் தட்டினார். இரண்டாம் படிக் கோடு ஒன்று எழுந்தது. அது எந்த அளவையும் சரியாகத் தொடவில்லை. ஆனால் நிதானமாகப் போனது.

ஒலிபெருக்கியில் ஆசிரியையின் குரல் கேட்டது. "இமயாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. இப்ப சரியாயிட்டா."

வேதவல்லி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊருக்கே ஒரு இருபதுக்குத்தான் அனுமதி. இப்ப அது காலியா இருக்கு..." சொல்லிக்கொண்டே தன் மகன் பெயரைத் தட்டினார்.

"சார், இப்பத்தானே கண்ணால பாத்தீங்க?"

"உங்க பொண்ணுக்கு ஒத்துக்கலைம்மா. எம் பையன் கெட்டிக்காரன்."

வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மகள் பிழைத்த நிம்மதியில் நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனாலும் அந்த இருபது இன்னொரு வீட்டுக்குப் போகிறதே என்று வயிறு எரிந்தது.