அரை தம்ளர் தண்ணீர்

சிட்டுவுக்கு இன்றுதான் முதல் நோன்பு. விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

தையற்காரரான அத்தா, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் சின்ன மக இன்னிக்கு நோன்பு. எட்டு வயசுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். போதாததற்கு, பச்சைத் துணியில் அவளுக்கு ஒரு கவுன் வேறு தைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. போன வருஷம் அவள் முதல் நோன்பு வைத்தபோது யாரும் கவுன் தைக்கவில்லை. இந்த வருஷமோ காய்ச்சல். "முடியாதவங்க நோன்பு வைக்க வேண்டாம்மா. உடம்பு தேறினதும் வச்சுக்கலாம்," என்று அம்மா மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள்.

மாலை நான்கு மணி. பள்ளியிலிருந்து ஓடி வந்த சிட்டு பையை வீசினாள். தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள். பாதியில் அப்படியே நின்றாள்.

"அக்கா, நான் நோன்பாச்சே! மறந்தே போச்சு. முறிஞ்சிடுச்சா?"

மறந்து குடித்தால் நோன்பு முறியாது. அல்லாஹ்வே குடிக்கக் கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டு தொடர வேண்டியதுதான். மதரஸா வகுப்பில் அக்கா இதைப் படித்திருந்தாள். ஆனால் அந்தப் பச்சைக் கவுன் கண்முன்னே வந்து நின்றது. வாயைத் திறக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிட்டு விசும்பினாள். "போச்சு. இனிமே பட்டினி கிடந்து என்ன பிரயோஜனம்?" பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

தெரிந்தே தின்றால் நிஜமாகவே முறிந்துவிடும். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலோடு எழுந்து ஓடி, வாய்க்குப் போன பிஸ்கட்டைத் தட்டிவிட்டாள்.

"உன் நோன்பு அப்படியே இருக்குடி. மறந்து குடிச்சா முறியாது."

"நிஜமாவா? அப்ப கேட்டப்பவே ஏன் சொல்லல?"

அக்கா தரையில் கிடந்த பிஸ்கட்டைப் பார்த்தபடி, "பொறாமைதான். எல்லாரும் உன்னையே கொண்டாடுறாங்க," என்றாள்.

சிட்டு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாளைக்கும் மறந்துடட்டுமா?"

"திட்டம் போட்டு மறந்தா அது மறதி இல்லடி, திருட்டு."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சூரியன் மறைந்து, பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் சிட்டு பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். அத்தா அவள் தலையைத் தடவினார். "முதல் நோன்பையே முழுசா முடிச்சிட்டா என் பொண்ணு."

"நான் எங்க முடிச்சேன்? நாலு மணிக்கு மேல என் நோன்பை அக்காதான் பார்த்துக்கிட்டா," என்றாள் சிட்டு, மென்றுகொண்டே.

அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த அக்காவின் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது.