வசிப்போர் எண்ணிக்கை: இரண்டு

இரண்டாவது கையெழுத்தை அவன் இன்னும் போடவில்லை. போடுவதற்காகத்தான் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, பல்கூடத் துலக்காமல், இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தான். வியாழக்கிழமை. வசிப்போர் எண்ணிக்கை: இரண்டு. அதுவரை நேற்று அவனே எழுதி வைத்தது. முதல் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. இரண்டாவது கட்டத்தில் மட்டும், எழுதப் பழகும் குழந்தை கிறுக்கியதுபோல ஒரு கையெழுத்து இருந்தது. விரலால் தொட்டான். மை ஒட்டிக்கொண்டது.

கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. இரவு தூக்கக் கலக்கத்தில் தானே போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். இந்த ஈரக் காற்றில் மை எப்படிக் காயும், துவைத்த துணியே மூன்று நாளாகக் காயவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு தன் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தான். ஆனால் பேனா முழுவதும் பிசுபிசுவென்று வேர்வையாக இருந்தது. அவன் கை வேர்த்திருக்கவில்லை.

அவனுடைய வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் வசிப்பாளர். வேலை என்னவென்றால், வசிப்பது. கரையிலிருந்து ஒன்றரை நாள் படகில் போனால் ஐந்து தீவுகள் வரும். ஐந்தையும் அள்ளி ஓரிடத்தில் கொட்டினாலும் ஒரு விளையாட்டு மைதானம் தேறாது. பறவை எச்சத்தைத் தவிர விளைச்சல் ஏதும் கிடையாது. ஆனால் ஐந்தும் எங்களுடையவை என்று அவன் நாடு சொன்னது, ஐந்தும் எங்களுடையவை என்று எதிர் நாடும் சொன்னது. ஆள் வசிக்கும் தீவுக்குத்தான் வழக்கில் மதிப்பு என்று யாரோ ஒரு வக்கீல் சொல்லிவைக்க, இவர்கள் ஒரு தீவில் ஓர் ஆளைக் குடிவைத்தார்கள். சும்மா இருப்பார்களா, அவர்களும் எதிர்த் தீவில் ஓர் ஆளைக் குடிவைத்தார்கள். ஆளுக்கு ஒரு கொடிக்கம்பம், ஆளுக்கு ஒரு தொலைநோக்கி. எதிர்த் தீவுக்காரரின் பெயர் தெரியாது, மொழியும் தெரியாது. காலை எழுந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பதால் அவருக்கு இவன் வைத்த பெயர் சம்பந்தி.

ஆறு மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எட்டு மாதமும் இருபது நாளும் ஆகிவிட்டன. மாற்று ஆள் வந்து இறங்காமல் பழைய ஆள் கிளம்பக் கூடாது, தீவு ஒரு மணி நேரம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. மாற்று ஆளோ வருவதாக இல்லை. முதலில் படகு பழுது என்றார்கள். பிறகு கடல் சரியில்லை என்றார்கள். கடல் சரியானதும் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போன கோப்பு அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு வயர்லெஸ்ஸில் கரை எழுத்தரிடம் கேட்பான். பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றாக இருந்தது.

புதன்தோறும் பத்து நிமிடம் வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். மூன்று மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள் வரும் திங்கட்கிழமை ஒரு வயதைத் தொடுகிறாள்.

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நீங்க வர்றதுக்குள்ள ஓடவே ஆரம்பிச்சுடுவா போல" என்றாள் மனைவி. "உங்க போட்டோவைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. பிறந்தநாளுக்காவது வந்துடுவீங்களா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

பத்து நிமிடம் முடிந்ததும் வயர்லெஸ் பெட்டியை ஓங்கி ஒரு குத்து விட்டான். கைதான் வீங்கியது.

கரை எழுத்தர் ஒரு நாள் வாய்தவறிச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். "ஆள் குறைஞ்சா கூட எதையாவது சொல்லிச் சமாளிச்சுடுவாங்க தம்பி. ஒரு ஆள் கூடிடுச்சுன்னா அவ்வளவுதான். அந்தப் பக்கம் கண்டனம் அனுப்பிடுவாங்க. மூணே நாள்ல படகு வந்து ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போயாகணும். தீவுக்கு ஒரு ஆள்தான்னு ஒப்பந்தம்."

அன்றைக்கே அவன் இரண்டாவது ஆளை உண்டாக்கினான். கொடியில் இரண்டு பேருக்கான துணியைக் காயப்போட்டான். வாசலில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். காலையில் வெறுந்தலையோடு நேராக நடந்து கொடியேற்றினான். மதியம் தொப்பியை மாட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நொண்டியபடி தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வந்தான். எதிரில் சம்பந்தியின் தொலைநோக்கிக் கண்ணாடி வெயிலில் மின்னியது. இவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாற்று ஆளை வேறு பிரிவின் படகு இறக்கிவிட்டுப் போனதாகக் கரைக்குச் சொன்னான். எந்தப் பிரிவு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவுதான் அனுப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, எழுத்தர் உற்சாகமாகப் பேசினார்.

"கண்டனம் வந்தாச்சு தம்பி. சனிக்கிழமை படகு. கேளுங்க, என்ன எழுதியிருக்காங்கன்னு. 'ஒருவர் வெறுந்தலையுடன் நேராக நடக்கிறார். மற்றவர் தொப்பி அணிந்து இடது காலை இழுத்து நடக்கிறார்.' நேரா நடக்கிறவரைக் கூட்டிட்டு வாங்க, நொண்டுறவர் புதுசுன்னு படகுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நாளையில இருந்து பதிவேட்டுல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும். ஓவர்."

அந்த இரண்டாவது கையெழுத்துத்தான் வியாழன் காலையில் அவனுக்கு முன்பே அங்கே இருந்தது.

வியாழன் மதியம் டின் மீனைப் பிரித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். மேலே தகரக் கூரை வெயிலில் நெட்டி முறித்துக்கொண்டிருந்தது, வெளியே கொடிக்கயிறு கம்பத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, அலை பாறையில் ஏறி இறங்கும் இரைச்சல் வழக்கம்போல் காதுக்குள் ஒரு ஓரமாகக் கிடந்தது, இத்தனைக்கும் நடுவில் அடுத்த அறையின் சிமெண்டுத் தரையில் ஒரு காலடி விழுந்து, இன்னொரு கால் அதன் பின்னால் சரக்கென்று இழுபடும் சத்தம், அவசரமே இல்லாமல், சுவரோரமாகப் போய்த் திரும்பி வந்தது. பிசைந்த கை அப்படியே நின்றது.

பயத்துக்கு முன்னால் அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. எட்டு மாதம் இருபது நாள் பொறுத்தாயிற்று, இன்னும் இரண்டே நாள், அதற்குள் இது வேறா?

"யாருடா அது?" என்று எச்சில் கையோடு போய் நின்றான்.

அறையில் யாரும் இல்லை. ஆணியில் தொப்பி தொங்கியது. நேற்று மாலைக்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. எடுத்துப் பார்த்தான். உள்பக்கம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவனுடையது அல்லாத ஒரு தலையின் வாடை அதில் அடித்தது.

வெள்ளிக்கிழமைக் கையெழுத்து தேறியிருந்தது. முதல் எழுத்தின் வளைவும் கடைசியில் இழுக்கும் கோடும் கிட்டத்தட்ட அவனுடையவை. அது யாரோ பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும் கையெழுத்து. எட்டு மணி ஆகும்வரை பொறுக்க முடியாமல் வயர்லெஸ்ஸை முடுக்கினான்.

"அண்ணே, இங்க இன்னொரு ஆள் இருக்கான்."

"தெரியும் தம்பி. அதுக்குத்தானே படகு அனுப்புறோம்."

"அது இல்லண்ணே. நான் சொன்னது பொய். அப்படி யாருமே வரலை. ஆனா இப்ப நிஜமாவே யாரோ இருக்கான்."

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "யாரும் வரலைன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. சொன்னா படகை நிறுத்திடுவாங்க, என் வேலையும் போயிடும். இருக்கார்னா இருந்துட்டுப் போகட்டும். ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. பாப்பா பிறந்தநாளைக்கு வீட்டுல இருப்பீங்க. ஓவர்."

இல்லை என்று சொன்னால் படகு இல்லை. இருக்கிறான் என்று சொன்னால் யாருக்கும் அதில் அதிசயம் இல்லை. வாய்க்குள் கெட்ட வார்த்தைகளாக வந்தன. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அறைக்குள் இருக்கப் பிடிக்காமல் சாயங்காலம் வரை வெளியிலேயே நின்றான். வெயில் சாய்கிற நேரத்தில் எதிர்க்கரையில் சம்பந்தி தென்பட்டார். வழக்கமாகத் தொலைநோக்கியை உடனே இறக்கிவிடும் மனிதர் இன்றைக்கு இறக்கவில்லை. இவனும் தன்னுடையதை எடுத்துப் பார்த்தான். சம்பந்தி ஒரு கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினார். பிறகு அந்தக் கையை மெதுவாக அசைத்தார். உனக்குப் பின்னால் என்று சொல்லும் கை அது.

திரும்பினான்.

வெறும் தரை. வெள்ளையாகப் படிந்த எச்சத் தூளில் காலடித் தடங்கள் மட்டும் வீட்டு வாசலிலிருந்து அவனை நோக்கி வந்திருந்தன. ஒரு தடம், ஓர் இழுவை. ஒரு தடம், ஓர் இழுவை. பாதி தூரம் வந்ததும் இழுவை குறைந்திருந்தது. அதற்கப்புறம் இரண்டு பாதமும் ஒழுங்காக, நேராகப் பதிந்திருந்தன. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தன.

எதிர்க்கரையைப் பார்த்தான். சம்பந்தி ஓடிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று இரவை வயர்லெஸ் மேசைக்கு அடியில் கழித்தான். சனிக்கிழமை காலை பதிவேடு திறந்தே கிடந்தது. முதல் கட்டத்தில் கையெழுத்து. அவனுடையதேதான், புள்ளிகூட மாறவில்லை. மிச்சம் இருந்தது இரண்டாவது கட்டம். பேனாவை எடுத்தான். அதிலாவது தன் கையெழுத்தைச் சரியாகப் போடலாம் என்று முனையை வைத்தான். கிறுக்கல்தான் வந்தது. குழந்தைக் கிறுக்கல்.

அப்போது படகின் ஹாரன் கேட்டது.

பையைத் தேடினான். கட்டிலடியில் இல்லை. போகட்டும். வெயில் கண்ணைக் குத்தியது, கையில் அகப்பட்ட தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். பாறைப்படி பாசியாக இருந்தது. வழுக்கியது. விழுந்தான். இடது கணுக்காலில் ஏதோ நொறுங்கியது. எழுந்தான். இழுத்துக்கொண்டு நடந்தான். இழுத்துக்கொண்டு.

படகில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். வெறுந்தலை. அரசாங்கம் கொடுத்த சட்டை. மடியில் பை. அவனுடைய பை. முகம் கடலைப் பார்த்திருந்தது. பின்கழுத்தில் முடி ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது. போன வாரம் கண்ணாடி இல்லாமல் அவனே கத்தரியால் வெட்டிக்கொண்ட முடி.

"நான்தான்!" என்று கத்தினான். "அவன் இல்ல! நான்தான் போகணும்!"

படகோட்டி கையிலிருந்த தாளைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது.

"பதறாதீங்க சார். முதல் மாசம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். ஆறே மாசம்தான், ஓடிடும்."

"அவனைத் திரும்பச் சொல்லுங்க. மூஞ்சியைப் பாருங்க. ஒரு தடவை பாருங்க!"

"ஒருத்தர் இருந்தே ஆகணும் சார்."

கயிறு அவிழ்ந்தது. படகு விலகியது. தண்ணீரில் குதித்தான். கால் ஒத்துழைக்கவில்லை. அலை அவனைத் தூக்கிப் பாறையிலேயே போட்டது. உட்கார்ந்திருந்தவன் கடைசிவரை திரும்பவில்லை.

புதன்கிழமை வரை அவன் வயர்லெஸ்ஸில் சொல்லாதது எதுவும் இல்லை. அழுதான், திட்டினான், கெஞ்சினான். எழுத்தர் "ஆகட்டும் சார், சொல்றேன் சார்" என்றார். எட்டு மாதம் தம்பி என்று கூப்பிட்ட வாய். கடைசியில் அவனுடைய தொல்லை தாங்காமல் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

"புதுசா வந்தவங்களுக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் லைன். இது பழையவர் வீட்டு நம்பராச்சே, எதுக்கு உங்களுக்கு? சரி, பேசிட்டு வெச்சுடுங்க."

மணி அடித்தது. மனைவி எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம், தண்ணீர் சத்தம், யாரோ சன்னமாக விசிலடிக்கும் சத்தம்.

"நான்தான்மா. நான் பேசுறேன்."

"யாருங்க?"

"என் குரல் தெரியலையா? இன்னும் தீவுலதான் இருக்கேன். அங்க வந்திருக்கிறது நான் இல்ல. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு உடனே வெளியே போ. கேக்குதா?"

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னாள். "என்னங்க, உங்களுக்குப் பதிலா போயிருக்காரே, அவர் போல இருக்கு. பாவம், அழுறார்."

தண்ணீர் நின்றது. விசில் நின்றது. காலடிகள் வந்தன. போன் கைமாறியது. மூச்சு. அதற்குப் பக்கத்திலேயே, இடுப்பில் இருக்கும் உயரத்திலிருந்து, இன்னொரு குட்டி மூச்சும் ஒரு சிரிப்பும்.

"பாப்பா" என்றது அவனுடைய குரல், கொஞ்சலாக. "மாமாவுக்கு டாட்டா சொல்லு."

"டாட்டா" என்றாள் குழந்தை. அவள் பேசி அவன் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.